ஆறு நாள் ஷிஃப்டும் ஏழு நாள் வாரமும்

வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்கள் பெரும்பாலும் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய், லூனாஸ் பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. ஒரே வீட்டில் ஒருவர் விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறார், ஒருவர் கூலிம் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிற்கிறார், இன்னொருவர் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊருக்கு மோட்டாரில் ஓடுகிறார். சாமி கும்பிடவும் சேர்ந்து சாப்பிடவும் நேரம் அமையவில்லை என்ற வருத்தம் எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் கணவருக்குக் கூலிமில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நாலு நாள் வேலை, இரண்டு நாள் லீவு. பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு சாமி கும்பிட்டு மாதக்கணக்காகிறது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றே போய்க்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?
— வாசகி, பாடாங் செராய்

பதில்: அம்மா, உங்கள் கணவர் மேல் வருத்தப்படாதீர்கள். குறுக்கே நிற்பது ஒரு கணக்கு. அதைத் தாளில் போட்டுப் பார்த்தால் பாதி மனக்கஷ்டம் அன்றே இறங்கிவிடும்.

அவருடைய ஷிஃப்ட் ஆறு நாளுக்கு ஒரு சுற்று. வாரம் ஏழு நாள். இரண்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர 42 நாள் பிடிக்கும். அந்த 42 நாளில் அவருக்கு லீவு 14 நாள். அது எல்லாக் கிழமைக்கும் இரண்டிரண்டாகப் பிரிந்துவிடும். ஆக, வரும் ஆறு வெள்ளியில் இரண்டு வெள்ளிதான் அவருக்கு லீவு. ‘வெள்ளிதோறும்’ என்று வைத்துக்கொண்டால் நாலு முறை ஏமாறத்தான் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கெடாவில் பள்ளி ஞாயிறு முதல் வியாழன் வரை. பிள்ளைகளுக்கு வெள்ளியும் சனியும்தான் ஓய்வு. உங்கள் கணவரின் லீவு ஒரு சுற்றில் சனி-ஞாயிறில் விழுந்தால், அடுத்த சுற்றில் வெள்ளி-சனி, அதற்கடுத்து வியாழன்-வெள்ளி, பிறகு புதன்-வியாழன் என்று சுற்றுக்கு ஒரு கிழமை முன்னே நகரும். முதல் மூன்று சுற்றில் பிள்ளைகளோடு சேர்ந்த ஓய்வு நாலு நாள் கிடைக்கிறது. அந்தக் கடைசி வெள்ளிக்குப் பிறகு அடுத்த பொது ஓய்வு வர 29 நாள் ஆகும். ‘மாதக்கணக்காகிறது’ என்று நீங்கள் எழுதியது இந்த 29 நாளைத்தான். அந்த நாலு வாரத்தில், யாரோடும் நாள் மாற்றிக்கொள்ளாவிட்டால், அவர் லீவும் பிள்ளைகள் லீவும் ஒரு நாளில் அமையாது.

எனவே இரண்டு விதமான ஏற்பாடு வேண்டும். நாட்காட்டியில் முதலில் அவர் லீவு நாட்களுக்கு ஒரு நிறமும் பிள்ளைகளின் வெள்ளி, சனிக்கு வேறொரு நிறமும் தீட்டுங்கள். இரண்டு நிறமும் ஒன்றாக விழும் நாட்களில் கோயில், உறவினர் வீடு, பெரிய பூசை ஆகியவற்றை வையுங்கள். அந்த நாட்களில் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எடுப்பதில்லை என்று அவர் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும். அந்த மாதத்து ஓய்வு நாட்களை மாதம் பிறக்குமுன் அட்டவணையாகத் தெரிவிக்க வேண்டும் என்பது நம் வேலைவாய்ப்புச் சட்டம். அட்டவணை தாமதமாக வந்தால் அதைக் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை.

வறண்ட நாலு வாரத்துக்கு வேறு வழி. அந்த வாரங்களில் அவருடைய லீவு பள்ளி நாளில் வரும். அன்று மதியம் பள்ளி விடும்போது பிள்ளைகளை ஏற்றிவர அவரே போகட்டும். சாப்பாடு, பள்ளிப்பாடம், மாலை விளக்கு எல்லாம் அவரோடு நடக்கட்டும். உங்கள் வீட்டுக்கு அன்றுதான் ‘வெள்ளிக்கிழமை’ என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயோ புதனோ குடும்பமாகக் கும்பிட்டால் அம்மன் ஏற்க மாட்டாளா என்ன? வெள்ளி விளக்கை நீங்கள் வழக்கம்போல் ஏற்றுங்கள். அதை நிறுத்தவே வேண்டாம்.

இரவு ஷிஃப்ட் நாட்களில் பெரும்பாலான வீடுகள் தவறுவது ஓரிடத்தில்தான். காலை ஏழே முக்காலுக்கு வீடு திரும்புகிறவரை "குளிச்சிட்டு கோயிலுக்குப் போயிட்டு வந்து படுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம். அவர் ஏழு மணி நேரம் தூங்கியாக வேண்டும். தூக்கம் குறைந்தால் அடுத்த இரவு மோட்டாரில் கண் சொருகும். அறையின் சன்னலைக் கனமான துணியால் மூடுங்கள், போனை வெளியே வையுங்கள், நாலு மணி வரை அந்தப் பக்கம் சத்தம் வேண்டாம். பஸ் ஆறே காலுக்கு வருகிறது என்றால் ஐந்தேகாலிலிருந்து ஐந்தே முக்கால் வரை அரை மணி நேரம் எல்லோருக்கும் பொதுவானது. அதில் இருபது நிமிடம் சாப்பாடு, பத்து நிமிடம் சாமி.

இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் முதல் லீவு நாளையும் முழு நாளாக எண்ணாதீர்கள். பகல் தூக்கத்தில் போகும். அன்று மாலையும் மறுநாள் காலையும்தான் கைக்கு வரும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? விளக்கேற்றித் திருநீறு இட்டுக்கொள்ள இரண்டு நிமிடம். நான்கு அடித் திருமுறைப் பாட்டு ஒன்று. அதை ஒரு மாதத்துக்கு மாற்ற வேண்டாம், சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடமாகிவிடும். பிறகு ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். கடைசியாக ஆளுக்கு ஒரு வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் தாமாகவே வந்து உட்காரத் தொடங்குவது இந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான். அப்பா எதற்காக வேண்டிக்கொள்கிறார் என்பதை அவர்கள் வேறெங்கும் கேட்பதில்லை. இதைக் கெடுப்பவை மூன்று: பூசை முடிந்த கையோடு தேர்வு மதிப்பெண் பற்றித் திட்டுவது, பக்கத்தில் டிவி ஓடுவது, ‘இன்றைக்கு நேரம் இருக்கே’ என்று பத்து நிமிடத்தை நாற்பதாக இழுப்பது. இழுத்தால் அடுத்த முறை பெரியவன் குளியலறையை விட்டு வெளியே வர மாட்டான்.

ஒரு வெள்ளி கட்டாயம் வேண்டும் என்றால் நாள் மாற்றிக்கொள்ளலாம். மலாய், சீன நண்பர்களுக்கும் அவர்கள் பெருநாளையொட்டி மாற்ற ஆள் தேவைப்படும். இரண்டு வாரம் முன்பே கேட்டு, மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுத்து, மாற்றிய பிறகு பகலும் இரவும் அடுத்தடுத்து விழுந்து 24 மணி நேரமாகிவிடவில்லையே என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லில் மாற்றினால் வருகைப் பதிவில் ‘வரவில்லை’ என்று ஏறிவிடும்.

கேள்வி: பிறையில் வேலை. காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறேகாலுக்குக் கிளம்புகிறேன். மாலை வீடு வர ஏழு மணி. பிரம்ம முகூர்த்தம் நாலரைக்கே தொடங்கிவிடுகிறது, மாலை ஆறுக்கு விளக்கு ஏற்ற வேண்டும் என்று மாமியார் சொல்கிறார். இரண்டுமே தவறுகிறது. மனசு உறுத்துகிறது.
— வாசகி, லூனாஸ்

பதில்: சகோதரி, நீங்கள் இரண்டையும் தவறவிடவே இல்லை.

நாலரை, ஆறு என்பதெல்லாம் காலை ஆறுக்கு வெயில் எழுந்து மாலை ஆறுக்கு மறையும் ஊரின் கணக்கு. தமிழ்நாட்டுக்கு அது ஏறத்தாழப் பொருந்தும். நம் பக்கம் சூரியன் எழுவது 7 மணிக்கும் 7.30-க்கும் இடையில். மறைவது ஏறக்குறைய 7 மணியிலிருந்து 7.40 வரை, மாதத்தைப் பொறுத்து. நம் நாட்டுக் கடிகாரம் கிழக்கே இருக்கும் சபா, சரவாக்கோடு சேர்ந்து ஓடுவதால் வந்த வித்தியாசம் இது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். உங்கள் மாமியார் இளம் வயதில் பார்த்த பொழுது இன்றைய கடிகாரத்தைவிட அரை மணி முந்தியதுதான். அவர் நினைவும் பொய்யில்லை.

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு நாலு நாழிகை முன்னே தொடங்கி இரண்டு நாழிகை நீடிப்பது. நாழிகைக்கு 24 நிமிடம். அதாவது உதயத்துக்கு 96 நிமிடம் முன்பிலிருந்து 48 நிமிடம் முன்பு வரை. உதயம் 7.15 என்றால் அது 5.39 முதல் 6.27 வரை. நீங்கள் குளித்துவிட்டுக் கிளம்புமுன் ஐந்தே முக்காலுக்கோ ஆறுக்கோ கைகூப்பினால் அது சரியாக அந்த நேரத்துக்குள் விழுகிறது. மாலையில் வீடு வந்து கைகால் கழுவி ஏழேகாலுக்கு விளக்கு வைத்தால் அதுவே சந்தியா வேளை.

பிரதோஷத்துக்கும் இதே கணக்கு. தமிழ்நாட்டில் நாலரை முதல் ஆறு வரை என்பது சூரியன் மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரம். இங்கே மறைவு 7.15 என்றால் 5.45 முதல் 7.15 வரை. ஐந்து மணிக்கு வேலை முடிந்தவர் வழியிலேயே கோயிலில் இறங்கி அபிஷேகத்தின் பின்பகுதியைப் பார்த்துவிடலாம். உங்கள் ஊர்க் கோயில் எந்த நேரத்தை வைத்திருக்கிறது என்று குருக்களிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ராகு காலத்தில்தான் மிகவும் குழம்புகிறார்கள். பகல் பொழுதை எட்டாகப் பிரித்து, வெள்ளிக்கு நாலாவது பங்கு, திங்களுக்கு இரண்டாவது பங்கு என்று வைத்தது அது. பகல் 7.15 முதல் 7.15 வரை என்றால் ஒரு பங்கு ஒன்றரை மணி. வெள்ளியின் நாலாவது பங்கு 11.45-லிருந்து 1.15 வரை. நாட்காட்டியில் 10.30 முதல் 12 என்று அச்சிட்டிருந்தால் அது ஆறு மணி உதயக் கணக்கு. துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு போடும் பெண்கள் இதைக் கவனியுங்கள். எந்த நாட்காட்டி வாங்கினாலும் முதலில் அதில் உதய நேரம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆறு என்றிருந்தால் அது நம் ஊருக்காகக் கணித்ததல்ல.

இதை மாமியாரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு அவரை வாசலில் உட்காரவைத்து வெயிலைக் காட்டுங்கள். ஏழேகாலுக்கு அவர் கையாலேயே விளக்கை ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் வர முடியாத நாட்களில் அந்த விளக்கு அவருடைய பொறுப்பாகவே இருக்கட்டும். பேரப்பிள்ளை ஒருவர் எண்ணெய் ஊற்றித் தர வேண்டும் என்று ஒரு சின்ன வேலையையும் சேர்த்துக் கொடுங்கள். பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருக்கும் பெரியவருக்கு அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு பெரியது என்பது அருகில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: காலையில் விளக்கு ஏற்றிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறோம். அணைப்பது பாவம் என்கிறார்கள். எரியவிட்டுப் போகப் பயம். விளக்கு புகைந்து மேலே கரியும் படிகிறது.
— வாசகி, பாடாங் செராய்

பதில்: ஆள் இல்லாத வீட்டில் தீ எரியக் கூடாது. இதில் இரண்டாவது பேச்சே இல்லை. நம் வீடுகளில் சாமி மேடை பெரும்பாலும் பலகையில், மேலே பட்டுத் துணி, பக்கத்தில் காகிதப் படம், தலைக்கு மேலே காற்றாடி. பூனை தட்டினாலும் போதும்.

அணைக்க வேண்டிய அவசியம் வராமல் எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். ஒரு ஓய்வு நாளில் உங்கள் விளக்கில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி எத்தனை நிமிடம் எரிகிறது என்று பாருங்கள். விளக்கின் குழிவும் திரியின் தடிப்பும் வீட்டுக்கு வீடு மாறும், அதனால் இந்த அளவை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். கிளம்பப் பதினைந்து நிமிடம் இருந்தால் பத்து நிமிடத்துக்கான எண்ணெய் போதும். அப்படியும் மிஞ்சினால் வாயால் ஊதாமல், பூவின் காம்பாலோ சின்னக் கரண்டியாலோ திரியை எண்ணெய்க்குள் இழுத்துவிடுங்கள். இதற்குக் ‘குளிரவைப்பது’ என்றே நம் வீடுகளில் பெயர் இருக்கிறது. பாவம் என்றால் அதற்கு ஒரு மங்கலமான பெயர் வைத்திருப்பார்களா?

புகைக்குக் காரணம் அநேகமாகத் திரிதான். தடித்த திரி, அல்லது அதிகம் வெளியே நீட்டிய திரி. ஒரு நெல்மணி அளவுக்கு மேல் நீட்ட வேண்டாம். நேற்று எரிந்து கருகிய நுனியைக் கிள்ளிவிட்டு ஏற்றுங்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை விளக்குக்கு ஊற்றக் கூடாது; அதில் தங்கிய மாவுத்துகள் கருகிப் புகையும். படபடவென்று வெடித்துத் தெறித்தால் விளக்கிலோ திரியிலோ ஈரம் இருக்கிறது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்றால், வெள்ளிக்கிழமை காலை அவசரமாக விளக்கைத் தேய்த்து, சரியாகத் துடைக்காமல் ஏற்றுவதால். தேய்ப்பதை வியாழன் இரவுக்கு மாற்றுங்கள். நெல்லிக்காய் அளவு புளியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துத் தேய்த்து, நன்றாகக் கழுவி, துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டால் விடியுமுன் காய்ந்திருக்கும். புளியை ஊறவிட்டு மறந்துவிட்டால் பித்தளையில் திட்டுத் திட்டாக நிறம் மாறும். அதே வியாழன் இரவு சாம்பாருக்கு ஒரு கோப்பைத் துவரம்பருப்பை ஊறப்போட்டு, காயையும் நறுக்கிக் குளிரூட்டியில் வைத்தால் வெள்ளி காலை மரக்கறிச் சமையல் சீக்கிரம் இறங்கிவிடும். இந்த வேலை எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிடம். கணவரும் பிள்ளைகளும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டால் கால் மணி.

கேள்வி: மகன் படிவம் 5. டியூஷனால் தேவார வகுப்பை நிறுத்திவிட்டோம். எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் மறுபடி சேர்த்துவிடலாமா?
— வாசகர், கூலிம்

பதில்: சேர்க்கலாம், ஆனால் ஓராண்டு முழுக்க விட்ட பழக்கம் தானாகத் திரும்பி வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வகுப்பை வாரம் ஒன்றிலிருந்து மாதம் ஒன்றாகக் குறைத்துத் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலான கோயில் ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள். வீட்டில், படிக்க உட்காருமுன் ஒரு பாட்டு. இரண்டு நிமிடம்கூட ஆகாது. டியூஷன் அட்டவணையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் போகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறோம். அதில் ஒன்றைக் குறைத்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு மாலை கிடைக்கும். அது படிப்புக்கும் நல்லதுதான், தம்பி.

கேள்வி: நாங்கள் விட்டு வந்த தோட்டம் பேராக்கில். அங்கே உள்ள மாரியம்மன் கோயில் திருவிழா ஆண்டுதோறும் சனி, ஞாயிறில் வருகிறது. ஞாயிறு எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி. எனக்கு லீவும் மிஞ்சுவதில்லை. மூன்று வருடமாகப் போகவில்லை. அப்பா திதியும் தவறுகிறது.
— வாசகர், பாடாங் செராய்

பதில்: மூன்று வருடம் போகாமல் இருந்தால் நான்காவது வருடம் போகக் கூச்சம் வந்துவிடும். இந்த வருடமே போங்கள்.

லீவு மிஞ்சாததற்குக் காரணம் அது டிசம்பரில் எண்ணப்படுவதுதான். ஜனவரியிலேயே எண்ண வேண்டும். சட்டப்படி குறைந்தது, இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 16 நாள். எட்டு நாள்தான் என்றாலும் இரண்டை ஊர்த் திருவிழாவுக்கும் ஒன்றைத் திதிக்கும் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மீதியைத் தீபாவளிக்கும் அவசரத்துக்கும் வையுங்கள். வழக்கமாக நடப்பது தலைகீழ்: தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஐந்து நாளைக் கொடுத்துவிட்டு மற்றதற்குக் கையைப் பிசைவது.

பொது விடுமுறையையும் சரிபாருங்கள். சட்டம் ஆண்டுக்கு 11 சம்பள விடுமுறை தரச் சொல்கிறது. அதில் ஐந்து மட்டும் மாற்ற முடியாதவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மற்ற ஆறும் கம்பெனி தேர்ந்தெடுப்பது. உங்கள் பெருநாள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பாருங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது யாரும் படிப்பதில்லை, முதல் நாள் வந்து "லீவு இல்லையாமே" என்று பதறுகிறார்கள்.

அப்பாவின் திதி ஆங்கிலத் தேதியில் நிற்காது. அவர் மறைந்த தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் குருக்களிடம் கொடுத்தால் வருடத்துக்கான தேதியைச் சொல்லிவிடுவார். அதை ஜனவரியிலேயே லீவுப் படிவத்தில் ஏற்றுங்கள். எப்படியும் தவறிவிட்டால் தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகளில் ஒன்றில் கொடுக்கும் வழக்கம் உண்டு.

திருவிழாத் தேதியை ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்வார்கள். கூட்டம் எப்போது என்று கோயில் செயலாளரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கெடாவிலிருந்து வரும் குடும்பங்களுக்காகக் கரகமோ பால்குடமோ சனிக்கிழமையில் வைக்க முடியுமா என்று அந்தக் கூட்டத்தில் பேசினால்தான் நடக்கும். தேதி அச்சான பிறகு நடக்காது. ஞாயிறன்று பிள்ளைகள் வர முடியாது என்றால் வகுப்பாசிரியருக்கு ஒரு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். தேர்வு வாரமாக இருந்தால் சனி இரவே திரும்பிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் முதல் நாளே காப்புக் கட்டிக்கொள்ளாதீர்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது என்று பல கோயில்களில் கட்டுப்பாடு உண்டு. வேலைக்குத் திரும்ப வேண்டியவர் முதலில் பூசாரியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் உபயத்தில் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டால் செலவும் குறையும், அடுத்த வருடம் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போவதற்கும் ஒரு கட்டு இருக்கும். பிள்ளைகளைப் பழைய லயம் இருந்த இடத்துக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். இப்போது அங்கே செம்பனை மட்டுமே நின்றாலும், தாத்தா பெரட்டுக்கு நின்ற களம் எது, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை எது என்று காட்டிச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிறு வேலை என்பதால் திருப்பலி தவறுகிறது. குடும்பச் செபமாலைக்கும் எல்லோரும் விழித்திருப்பதில்லை.
— வாசகி, கூலிம்

பதில்: ஞாயிறு கடனைச் சனிக்கிழமை மாலைத் திருப்பலியிலும் நிறைவேற்றலாம் என்பது திருச்சபைச் சட்டமே. உங்களுக்கு எட்டும் தூரத்தில் எந்தப் பங்கில், எந்த மொழியில் சனி மாலைத் திருப்பலி இருக்கிறது என்று கேட்டுக் குறித்து வையுங்கள். செபமாலை ஐந்து பத்துமணியும் சொன்னால் இருபது நிமிடம் வரை ஆகும். முடியாத நாளில் ஒரு பத்துமணி மட்டும் சொல்லுங்கள்: ஒரு விண்ணுலகத் தந்தையே, பத்து அருள் நிறைந்த மரியே, ஒரு பிதாவுக்கும் சுதனுக்கும். நாலு நிமிடத்தில் முடியும். அதை இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருமுன் வையுங்கள். சாப்பிட்ட பிறகு வைத்தால் சின்னவர்கள் தூங்கிவிடுவார்கள்.

வேலை நேரத்தையே மாற்றிக் கேட்கவும் வழி இருக்கிறது, இது எல்லா மதத்தவருக்கும் பொது. 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தப்படி வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். கட்டாயம் கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் பொதுவாக ‘ஞாயிறு லீவு வேண்டும்’ என்று எழுதாமல், ‘மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் காலை ஷிஃப்டுக்குப் பதிலாக மாலை ஷிஃப்ட், இன்னார் மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்’ என்று திட்டமாக எழுதுங்கள். தேதியிட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க 48 நாள் விரதம் இருக்க ஆசை. இரவு ஷிஃப்டும் உண்டு. எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். முடியுமா?
— வாசகர், லூனாஸ்

பதில்: ஐயா, மரக்கறி, மது இல்லாமை, பாயில் படுக்கை, தினமும் வழிபாடு ஆகியவை உங்களுக்குத் தடையில்லை. பட்டினியில்தான் கவனம் வேண்டும். ஒரு பொழுது மட்டும் சாப்பிடுவதென்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். நோன்பு மாதத்தையொட்டி மலாய் அன்பர்களுக்கு மாத்திரை நேரத்தை மாற்றிக் கொடுத்துப் பழகியவர்கள் நம் கிளினிக்குகளில் இருக்கிறார்கள். அதேபோல உங்களுக்கும் கேளுங்கள், விரதம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே.

தைப்பூசத் தேதியிலிருந்து 48-ஐப் பின்னோக்கி எண்ணினால் தொடக்கம் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ விழும். அந்த 48 நாளில் இரவு ஷிஃப்ட் எத்தனை என்று முதலில் குறியுங்கள். நம் கணக்கில் ஒரு நாள் என்பது உதயத்திலிருந்து மறு உதயம் வரை. இரவு வேலைக்காரருக்கு முக்கியச் சாப்பாடு மாலை ஐந்தரைக்கு, வேலைக்குக் கிளம்புமுன் இருந்தால் அது விரதத்தை மீறியதாகாது. நள்ளிரவில் பால், பழம், ஊறவைத்த கடலை என்று எளிய ஆகாரம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை எக்காரணத்துக்கும் குறைக்காதீர்கள். வெயிலில் குலை வெட்டும் தோட்டத் தொழிலாளிக்கும் இதே சொல்.

வெளியே சாப்பிடுபவர்கள் அறியாமல் விரதம் கலைவது குழம்பில் அல்ல, சம்பாலில். கங்கோங் கீரைப் பிரட்டலில் பெலாச்சான் (இறால் விழுது) சேரும், நாசி லெமாக் சம்பாலில் நெத்திலி இருக்கும், காய்கறி வறுவலில் சிப்பி சாஸ் ஊற்றுவார்கள். கேன்டீனில் ‘சாயூர்’ (காய்கறி) என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் எல்லோரும் அந்த 48 நாளும் மரக்கறிக்கு மாறினால் தனிச் சமையல் வேலை இல்லை. மாற விருப்பமில்லாத பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். உங்கள் சட்டியையும் கரண்டியையும் மட்டும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கை நடுக்கம், வேர்வை, திடீர்ப் பசி, கண் மங்கல் இவற்றில் எது வந்தாலும் உடனே விரல் நுனியில் குத்தி இரத்தச் சீனி அளவைப் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் அன்றைய பட்டினி அங்கேயே முடிந்தது. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஏறியதும் ரொட்டியோ சோறோ சாப்பிடுங்கள். கருவி கையில் இல்லை என்றால் குறி தெரிந்ததுமே சீனித் தண்ணீரைக் குடித்துவிடுங்கள், காத்திருக்க வேண்டாம். முருகனுக்கு வேண்டியது உங்கள் பால்குடம். நடுவழியில் நீங்கள் மயங்கி விழுவதை அவன் கேட்கவில்லை. சுங்கை பட்டாணிக் கோயிலோ பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலோ, நடக்கும் நாளில் சின்னப் பொட்டலத்தில் சீனியைக் கட்டிக் கூட வருபவரிடம் கொடுத்து வையுங்கள். உங்களுக்கு இனிப்பு நீர் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலுக்குச் செருப்பில்லாமல் நடப்பதால் வீடு வந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தது வலியால் தெரியாது. கொப்புளமோ வெட்டோ இருந்தால் அதை உடைக்காமல் சுத்தத் துணியால் மூடி, மறுநாளே கிளினிக்கில் காட்டுங்கள்.